கையை அசைக்காதீங்க

போன சனிக்கிழமை காலை, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரே என் தங்கையும் அவள் கணவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னச் சண்டை இல்லை... உக்கிரமான சண்டை. ஆனால் சத்தமே இல்லை. ஃபேன் சுற்றுகிற சத்தமும், டோக்கன் நம்பர் கூப்பிடுகிற பெண்ணின் குரலும்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

தங்கை கணவர் ஆல்பர்ட்டுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. தங்கை ஸ்டெல்லாவுக்கு இரண்டும் உண்டு. வீட்டில் இருவரும் சைகை மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். கொஞ்சல், கோபம், கேஸ் புக் பண்ணியாச்சா என்கிற விசாரணை, எல்லாம் கையால்தான்.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் போனைக் கீழே வைத்துவிட்டு இவர்களையே பார்த்தார்கள். என் பக்கத்தில் ஓர் அம்மா, கையில் பாதி காலியான தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். "இன்னாவாம் அவங்களுக்கு?" என்று என்னிடம் கேட்டார். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றேன். "கையாலயே இவ்ளோ திட்டலாமா!" என்று வியந்துபோனார்.

சண்டை எதற்கு? ஸ்டெல்லா, எனக்கு ஒன்றுமில்லை, எதற்கு இந்த ஸ்கேன், லீவு போட்டுவிட்டு ஏன் என்னை இழுத்துக்கொண்டு வந்தீர்கள் என்கிறாள். ஆல்பர்ட், நான் உன்னைக் கேட்கவில்லை, மெஷினைக் கேட்கத்தான் வந்தேன் என்கிறார். பெண்டாட்டி சொல்வதை நம்பாமல் மெஷினை நம்புகிற மனுஷன்!

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் கையால் பேசியதை வாயால் பேசியது போலத்தான் எழுதப்போகிறேன். வேறு சமயமாக இருந்தால், ஒவ்வொரு தடவையும் 'சைகை செய்தார்' என்று எழுதினால் எனக்குக் கை வலிக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லியிருப்பேன். இந்த வாரம் கை வலியைப் பற்றி வேடிக்கை பேச எனக்கு வாய் வரவில்லை.

அவர்கள் சண்டையைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அடப்பாவி, நீயெல்லாம் ஓர் அக்காவா என்று கேட்காதீர்கள். போன வருஷம் இதே நேரம் அவர்கள் இருவரும் சண்டைகூடப் போடவில்லை.

ஸ்டெல்லாவை உங்களுக்குத் தெரியும். மீன் குழம்பில் மாங்காய் போடலாமா கூடாதா என்று, நான் வாராவாரம் எழுதும் இந்தப் பக்கத்தில் என்னோடு மல்லுக்கு நின்றவள் அவள்தான். கல்யாணத்துக்கு முன் காது கேளாதவர் பள்ளி ஒன்றின் ஆபீசில் வேலை பார்த்தாள். பிள்ளைகளிடமிருந்து சைகை கற்றுக்கொண்டாள். பழைய மாணவராக வந்துபோன ஆல்பர்ட்டிடமிருந்து மீதியைக் கற்றுக்கொண்டாள். எங்கள் அப்பா முதலில் குதித்தார், பிறகு அடங்கினார். அது வேறு கதை.

மாடம்பாக்கத்தில் அவர்கள் வீடு. ஒரே மகள், பெங்களூரில் வேலை. ஆல்பர்ட் மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வருகிறார். சாயந்தரம் வந்ததும் டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டுவிட்டு, சமையலறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஸ்டெல்லா அடுப்பைக் குறைத்துவிட்டுத் தொடங்குவாள் பாருங்கள்... காய்கறிக்காரர் எப்படி நடந்தார், சர்ச்சில் யார் யாரை முறைத்தார், மாடி வீட்டு நாய் யாரைத் துரத்தியது – எல்லாம் கையிலும் முகத்திலும் ஓடும். ஒரு தடவை நாய் துரத்திய கதையில் ஒரு டம்ளர் பறந்து போய் உடைந்தது. ஆல்பர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு நாலாம் வகுப்புத் தரத்தில்தான் சைகை வரும். அதற்கே எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்படிப்பட்டவளுக்கு, சில வருஷங்களுக்கு முன், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றார்கள். தமிழில் முடக்கு வாதம். இப்படி ஒரு பேர் வைத்தவரைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது ஆத்திரம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திசை மாறி நம் மூட்டுகளைத் தாக்கும் நோய். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. மாத்திரை சாப்பிட்டால் கட்டுக்குள் இருக்கும்.

கட்டுக்குள் இருந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு ஆல்பர்ட் தனியாக என் வீட்டுக்கு வந்தார். நான் இருப்பது இரும்புலியூர். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் கேட்டருகிலேயே நின்றார். காபி குடிக்கிறீர்களா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அப்புறம் சொன்னார்: "ஸ்டெல்லாவுக்கு என்கூடப் பேசப் பிடிக்கல அக்கா."

எனக்குப் புரியவில்லை. என்ன உளறல் இது என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறாளாம். கேட்டதற்குப் பதில் வருகிறதாம் – சரி, தெரியாது, அப்புறம். எல்லாம் ஒரு கையால். அதுவும் இடுப்பு உயரத்தில், பாதி விரலில். முணுமுணுப்பு போல. கதை சொல்வதே இல்லை. என்ன கோபம் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறாள்.

ஏதாவது அலுப்பாக இருக்கும் என்றேன்.

இல்லை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு என்னையே சுட்டிக்காட்டினார். "உங்க கூடப் பேசறா. போன்ல. ஒரு மணி நேரம். சிரிக்கிறா. நான் எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. அவர் சொன்னது உண்மை. அந்த மாதங்களில் ஸ்டெல்லா எனக்குத் தினமும் போன் செய்துகொண்டிருந்தாள். நாய்க் கதை, சர்ச் கதை எல்லாம் எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அக்காமேல் திடீர்ப் பாசம் என்று நான் பூரித்துப் போயிருந்தேன். வாய்ப் பேச்சுக்காரர்களோடு மட்டும் சிரிக்கிறாள், இத்தனை வருஷம் கழித்து என் ஊமைத்தனம் அவளுக்கு அலுத்துவிட்டது – அவர் மனத்தில் ஓடியது அதுதான். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு நின்றார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் ஏறினேன். மாடம்பாக்கம் வரை எனக்கு ஒரே கொதிப்பு. தங்கை என்றும் பார்க்காமல் நாலு வாங்கு வாங்கிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

ஆல்பர்ட்டை வெளியே உட்கார வைத்துவிட்டு, சமையலறையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். உனக்கு என்னடி ஆச்சு, அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று ஆரம்பித்தேன். அவள் துப்பட்டாவுக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து என்முன் நீட்டினாள்.

மணிக்கட்டின் மேல்பக்கம், புறங்கையில், மெத்தென்று ஒரு வீக்கம். தொட்டால் உள்ளே தண்ணீர் இருப்பது போல. அது பழசு, எனக்கும் தெரியும். புதுசு வேறு. விரல்களை நீட்டு என்றேன். நீட்டினாள். நாலு விரல் நீண்டது. சுண்டு விரல் மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"மூணு நாலு வாரம் இருக்கும். காலைல அவர்கிட்ட ஏதோ சொல்ல கையைத் தூக்கினேன். இந்த விரல் வரல. வலிக்கவே இல்லக்கா. அதான் பயமாயிருக்கு."

அதற்கு முன்னால் மாதக்கணக்கில் வலி இருந்திருக்கிறது. கையை உயர்த்தினால் வலி, விரலை விரித்தால் வலி. நமக்கு இட்லி மாவு கரைக்கும்போதும் துணி பிழியும்போதும்தான் மணிக்கட்டு நினைவுக்கு வரும். அவளுக்கோ 'சாப்பிட்டீங்களா' என்று கேட்பதற்கே மணிக்கட்டு வேண்டும். அதனால் கேள்வியைச் சுருக்கிக்கொண்டாள். ஒரு கையால் சமாளித்தாள். கதைகளை எனக்குப் போனில் சொல்லித் தீர்த்தாள். வாய்க்கு வலி இல்லை, அவ்வளவுதான்.

டாக்டரிடம் போகவில்லையா? போயிருக்கிறாள். வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். ஃபிலிமை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நம் ஊரில் கை வலி என்றால் எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் நமக்கு ஒன்றுமில்லை. அவளும் நம்பினாள், நம்ப ஆசைப்பட்டாள். போதாததற்கு, முடி கொட்டுகிறது, குமட்டுகிறது என்று வாரம் ஒரு நாள் போடுகிற ஆர்த்ரைட்டிஸ் மாத்திரையையும் யாருக்கும் சொல்லாமல் குறைத்துக்கொண்டிருந்தாள்.

சரி, டாக்டரிடம் சொன்னதை ஆல்பர்ட்டிடம் ஏன் சொல்லவில்லை? இத்தனை வருஷமாகக் கட்டிய புருஷனிடம் கை வலிக்கிறது என்று சொன்னால் குறைந்தா போய்விடும்?

கேட்டேன். அப்போதுதான் அந்தப் பழைய கதையைச் சொன்னாள்.

முதன்முதலில் நோய் என்று தெரிந்தபோது, டாக்டர் ஆல்பர்ட்டைப் பார்த்து, கைக்கு ரெஸ்ட் கொடுக்கச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். அதை ஸ்டெல்லாவே சைகையில் சொல்லி அவருக்குப் புரியவைத்திருக்கிறாள். அவர் புரிந்துகொண்டார். ரொம்ப நன்றாகவே புரிந்துகொண்டார். அன்றிலிருந்து, அவள் பேசக் கையைத் தூக்கினால் கண்ணை மூடிக்கொள்வார்.

காது கேட்காதவர் கண்ணை மூடிக்கொண்டால் என்ன அர்த்தம் தெரியுமா? நாம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து போவதைவிட மோசம். அவரைப் பொறுத்தவரை அது அன்பு. பேசாதே, கைக்கு வலிக்கும், எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்திருக்கிறார். பாத்திரம் கழுவினார், துணி துவைத்தார், கோலம்கூட அவரே போட்டார் – பார்க்க மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

"வலியைப் பொறுத்துக்கலாம். அவர் கண்ணை மூடிக்கிட்டா நான் எங்கக்கா போவேன்?"

நாலு வாங்கு வாங்கப் போனவள் நான். அடுப்பை அணைத்துவிட்டு அவள் தோளில் சாய்ந்து அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

கையோடு கூட்டிக்கொண்டு போனேன். அவளுடைய ஆர்த்ரைட்டிஸ் டாக்டர் விரலைப் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறினார். எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. உடனே அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று எழுதிக்கொடுத்தார். கைக்கா, என்று நான் கேட்டேன். கைக்குத்தான் என்றார்.

எனக்குத் தெரிந்த ஸ்கேன் எல்லாம் வயிற்றுக்கு எடுப்பது. அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். எனவே மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் அவள் வாயில் பாட்டிலை வைத்துக் குடி, குடி என்று ஊற்றிக்கொண்டே வந்தேன். ஸ்கேன் சென்டரில் சொன்னதும் கவுண்டர் பெண் சிரித்துவிட்டது. "கைக்கு எதுக்கும்மா தண்ணி? போய் பாத்ரூம் போய்ட்டு வரச் சொல்லுங்க." அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான். ஆல்பர்ட்டுக்கு விஷயத்தைச் சொன்னேன், அவரும் சிரித்தார். அவரிடம் அதுவரை சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று – கையில் வீக்கம், ஒரு டெஸ்ட்.

உள்ளே ஒருத்தர்தான் வரலாம் என்றார்கள். நான் விடுவேனா? அவர் புருஷன், அவருக்குக் காது கேட்காது, நான் வந்தால்தான் அவருக்குச் சொல்ல முடியும் என்று வாசலிலேயே சத்தம் போட்டேன். ஸ்கேன் டாக்டர் சின்ன வயதுப் பெண். எட்டிப் பார்த்துவிட்டு மூன்று பேரையும் உள்ளே விட்டுவிட்டார்.

சின்ன அறை, பாதி இருட்டு. ஸ்டெல்லாவின் வலது கையை ஒரு தலையணைமேல் கவிழ்த்து வைத்து, ஜெல்லைத் தடவினார்கள். இன்னொரு கையையும் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். ஆல்பர்ட் அவள் கால்மாட்டில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கருவியை மணிக்கட்டில் வைத்தார். "கையை அசைக்காதீங்கம்மா."

திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ தெரிந்தது. இது நரம்பா என்று கேட்டேன். நமக்குத் தோலுக்கு அடியில் கயிறு மாதிரி இருப்பதெல்லாம் நரம்புதானே? இல்லை, தசைநாண் என்றார். சதையையும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் நாண். முழங்கைப் பக்கத்தில் சதை இழுத்தால், இந்த நாண் வழியாகத்தான் விரல் எழும்பும். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், இது தெரியாது. ஸ்கேனில் இது தெரிவது மட்டுமில்லை, அசையும்போதே பார்க்கலாம். முதலில் நல்ல நாணைக் காட்டினார். வெள்ளை வெள்ளையாக மெல்லிய இழைகள், நெருக்கமாக, நூல் கண்டின் ஓரம் போல. பிறகு கொஞ்சம் தள்ளிப் போனார். அங்கே நாணைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் – நீர் கோத்த உறை. ஒரு பட்டனைத் தட்டினார். அந்தக் கறுப்புக்குள் சிவப்புப் புள்ளிகள் தோன்றித் தோன்றி மறைந்தன.

"இந்தச் சிவப்பு ரத்த ஓட்டம். இவ்ளோ இருக்குன்னா, உள்ள நோய் இன்னும் அடங்கலன்னு அர்த்தம்."

மோதிர விரலைத் தூக்கச் சொன்னார். திரையில் ஓர் இழை வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் மெலிந்து, ஓரம் பிய்ந்திருந்தது. சுண்டு விரலைத் தூக்கச் சொன்னார். ஸ்டெல்லா முயன்றாள், அவள் நெற்றி சுருங்கியது தெரிந்தது. திரையில் ஒன்றும் நகரவில்லை. டாக்டரே அவள் விரலைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்தார். கீழே ஒரு முனை மட்டும் லேசாக ஆடியது. கருவியை முழங்கைப் பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். கறுப்பு... கறுப்பு... ரொம்ப தூரம் தள்ளி இன்னொரு முனை.

"அறுந்திருக்கும்மா" என்றார் டாக்டர். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "அசைக்காதீங்க. பக்கத்து விரலோடதையும் அளந்துடறேன்."

ஆல்பர்ட்டுக்குத் திரை தெரிகிறது, எங்கள் முகமும் தெரிகிறது. ஸ்டெல்லாவைப் பார்த்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். வழக்கமாக உலகம் சொல்வதையெல்லாம் அவருக்குச் சொல்வது அவள்தான் – பேங்கில், ஆஸ்பத்திரியில், மகளின் பள்ளிக்கூடத்தில். இப்போது அவளுடைய இரண்டு கையும் தலையணைமேல் கிடந்தன, அசைக்கக்கூடாது. அவர் மறுபடியும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

என் நாலாம் வகுப்புச் சைகையில் இதற்கெல்லாம் வார்த்தை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலை இரண்டு கையாலும் பிடித்தேன். இழுத்தேன். அறுத்தேன். என் சுண்டு விரலைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார். தொங்குகிற அந்த விரலைப் பார்த்தார். அப்புறம் அவளிடம் கேட்டார்: "உனக்குத் தெரியுமா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். தெரியும்.

அளந்து முடித்து, டாக்டர் டிஷ்யூ பேப்பரைக் கொடுத்தார். ஜெல்லைக்கூட முழுசாகத் துடைக்காமல் ஸ்டெல்லா எழுந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். இரண்டு கையாலும். அந்த ஒரு விரல் தொங்கத் தொங்க. கண்ணை மூடிக்கொண்டது, அந்த ஒரு மாதம், அதற்குப் பயந்து மறைத்தது, ஒரு கையால் பேசியது எல்லாவற்றையும். வேகமாகச் சொன்னாள், எனக்குப் பாதிதான் புரிந்தது.

ஆல்பர்ட் அவள்முன் போய் நின்று, தன் உள்ளங்கைகளை அவள் இரண்டு முழங்கைக்கும் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அவள் கைக்குப் பாரம் தெரியாதபடி. அவர் கைகள் அங்கே இருந்ததால் அவரால் ஒரு வார்த்தை பதில் பேச முடியவில்லை. அப்படியே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கையில்லை. கண்ணை மட்டும் அவர் மூடவில்லை.

அடுத்த பேஷண்ட் காத்திருக்கிறார் என்று கதவைத் தட்டினார்கள். டாக்டர் எழுந்து போய், கொஞ்ச நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கை அறுவை சிகிச்சை டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் மோதிர விரலும் போகும், அப்புறம் நடு விரல் என்றார். வீங்கிய உறையைச் சுத்தம் செய்தார்கள். அறுந்த நாண் முனைகள் ரொம்பத் தள்ளிப் போய்விட்டதால் அவற்றை நேராகச் சேர்க்க முடியவில்லை. சுண்டு விரலின் நாணைப் பக்கத்து மோதிர விரலின் நாணோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். வீக்கம் மட்டும் இருந்த காலத்திலேயே இந்த ஸ்கேனை எடுத்திருந்தால் மருந்திலேயே அடக்கியிருக்கலாம் என்று அவர் சொன்னபோது மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களைத் திட்டுகிற தொனியில்கூட அவர் சொல்லவில்லை. எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை, ஐயா. எலும்பு எப்படி இருக்கிறது என்று கேட்டோம், எலும்பு நன்றாக இருக்கிறது என்று அது சொன்னது.

கட்டுப் போட்டிருந்த அந்த வாரங்கள் கொடுமை. ஸ்டெல்லா வாயசைத்துப் பேச, ஆல்பர்ட் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள முயல்வார். உதட்டில் மாமாவும் பாப்பாவும் ஒன்றாகத்தான் தெரியும். பாப்பா போன் பண்ணினாள் என்று மகளைப் பற்றி அவள் சொன்னதை, செத்துப்போன எங்கள் மாமா போன் பண்ணினார் என்று புரிந்துகொண்டு அவர் விழித்த விழி... சிரித்தோம், அப்புறம் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். மனைவியின் பேச்சு குறைந்துவிட்டது, வாக்கியம் சுருங்கிவிட்டது, கதை நின்றுவிட்டது என்று கவலைப்பட்டு, அவள் அக்கா வீட்டு கேட்டில் வந்து நிற்கிற ஆண்கள் காது கேட்கிற நம் வீடுகளில் எத்தனை பேர்? அப்பாடா என்று டிவி வால்யூமைக் கூட்டுவோம். ஆல்பர்ட் தப்பாகத்தான் புரிந்துகொண்டார், வாஸ்தவம். ஆனால் அவர் கவனித்தார்.

இப்போது ஸ்டெல்லாவின் சுண்டு விரல் எழும்புகிறது. மோதிர விரல் எழுந்தால் கூடவே எழுந்துகொள்கிறது. தனியாக எழாது. அதனாலென்ன, சுண்டு விரலால் தனியாக ஆக வேண்டிய காரியம் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர்கள் சைகை மொழியில், கட்டை விரலை உயர்த்தினால் நல்லது, நன்றாக இருக்கிறது. சுண்டு விரலை மட்டும் உயர்த்தினால் மோசம், சரியில்லை. ஆல்பர்ட் தினமும் காலையில் அவள் எழுந்ததும் முதலில் கேட்பது, கை எப்படி இருக்கிறது என்றுதான். அவள் தினமும் கட்டை விரலை உயர்த்துகிறாள். இன்னொன்றை உயர்த்த அந்தக் கையால் முடியாது. இடது கையால் காட்டலாமே என்பீர்கள். காட்டலாம். காட்டுகிற ஆளா என் தங்கை?

போன சனிக்கிழமை சண்டை அதைப் பற்றித்தான். நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று ஹால் முழுக்கப் பார்க்கக் கட்டை விரலைக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவே தயாராக இல்லை. டோக்கன் கூப்பிட்டதும் அவள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அதே டாக்டர், அதே இருட்டு அறை. வலது கை பரவாயில்லை என்றார். கருவியை இடது மணிக்கட்டுக்கு மாற்றி, பட்டனைத் தட்டினார். கறுப்பு வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள். இன்னும் எதுவும் அறுந்துவிடவில்லை, நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள், மருந்தை மாற்றினால் அடங்கும் என்றார். எத்தனை நாளாக வலிக்கிறது என்று ஸ்டெல்லாவைக் கேட்டார். அவள் கூரையைப் பார்த்தாள்.

அவள் கையைக் கழுவப் போனபோது நானும் ஆல்பர்ட்டும் வராந்தாவில் நின்றோம். அவர் முகம் இறுகிக் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், பாவம், மோசம் என்று சொல்ல அவளுக்கு விரல் இல்லையே என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். அப்புறம் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "விரல் இருந்தப்ப மட்டும் சொன்னாளா அக்கா?"